சூரியப் புயலும் நமது காணி எல்லையும்

பலாபத்வலையில் நாம் கூடும்போதெல்லாம் பேச்சு காணியில்தான் வந்து நிற்கும். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு எல்லைக் கல்லின் அருமை தெரியும். இன்று காணி அளக்கச் செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் கருவிகளும் பயன்படுகின்றன. அந்தச் சமிக்ஞையைக் குழப்பும் புயல் ஒன்று உண்டு. அது கடலில் உருவாவதன்று, சூரியனிலிருந்து வருவது.

சூரியன் சில வேளைகளில் மின்னேற்றமுள்ள துகள்களைப் பெருந்திரளாக வீசுகிறது. அத்திரள் ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வரும். அப்புலம் வடக்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும். தெற்கு நோக்கியிருந்தால் இரண்டும் பிணைந்து, கதவு திறந்தது போலாகிவிடும். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது இத்தகைய புயலால்தான். 2024 மே மாதப் புயல் அமெரிக்காவில் சோள விதைப்புக் காலத்தில் வந்தது. செய்மதி வழிகாட்டலில் ஓடிய உழவு இயந்திரங்கள் தடுமாறின. விவசாயிகள் பலர் விதைப்பை நிறுத்தினர்.

திரள் புறப்படுவதைப் பூமியிலிருந்தே காணலாம். ஆனால் அதன் காந்தம் எத்திசை நோக்கியது என்பதை, அது வரும் வழியில் நின்று அளந்தால்தான் உறுதியாக அறியலாம். இந்தியா 2023 செப்டெம்பர் 2இல் ஏவிய ஆதித்யா எல்-1 அப்படி நிற்கும் காவற்காரன். அதன் திட்டத்தை இயக்கியவர் தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் இடத்தை அது 2024 ஜனவரி 6இல் அடைந்தது. செய்மதியின் சொந்த மின்கருவிகளின் காந்தம் கலவாதிருக்க, காந்தமானிகள் 6 மீற்றர் நீளமான கையொன்றில் பொருத்தப்பட்டுள்ளன.

அங்கிருந்து கிடைக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. ஆயினும் மின்நிலையத்தார் சுமையைக் குறைக்கவும், நில அளவையாளர் கருவியை நிறுத்தி வைக்கவும் அது போதும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. காணி அளக்கப்படும்போது குடும்பத்தில் ஒருவர் உடன் நிற்போம். அளவு மீண்டும் சரிபார்க்கப்பட்டதா என்று மரியாதையுடன் கேட்போம். மூலைகளில் கல் நாட்டி, அயலவர் அறிய எல்லையை உறுதி செய்வோம். வானத்துக் கருவி தடுமாறினாலும், ஊரறிய நாட்டிய கல் சாட்சி சொல்லும்.