ஊவாவில் எது மண்ணின் கிளி, எது வந்தேறிய கிளி?

கூண்டை விட்டுப் போன கிளிகள் அயல்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்துப் பெருகினால், அவை அங்கு நிலைபெற்ற அயற்கிளிகள். தென்கிழக்கு இங்கிலாந்தில் 1969 முதல் இனப்பெருக்கம் செய்துவரும் செந்தார்ப் பைங்கிளி அப்படிப்பட்டது. அதே இனம் ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் மண்ணின் பறவை. எனவே ஊவாவில் அயற்கிளியை இனங்காண, முதலில் உள்ளூர்க் கிளிகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கைக்குச் சொந்தமானவை ஐந்து இனங்கள். மகியங்கனை வயற்பக்கம் கூட்டமாக இறங்கும் செந்தார்ப் பைங்கிளிக்கு வால் நீளம். ஆணின் கழுத்தில் கருப்பும் ரோசாநிறமும் கலந்த வளையம் உண்டு, பெண்ணுக்கு இல்லை. பெரிய பச்சைக்கிளிக்கு அலகு தடித்தது. ஆண், பெண் இரண்டுக்கும் தோளில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும். செந்தலைக்கிளியில் ஆணின் தலை ஊதா கலந்த சிவப்பு, பெண்ணின் தலை சாம்பல், வால்நுனி வெள்ளை.

மற்ற இரண்டும் இலங்கையைத் தவிர வேறெங்கும் வாழாதவை. லேயார்டின் கிளிக்குத் தலையும் முதுகும் நீலச்சாம்பல், கழுத்தில் மரகதப் பச்சைப் பட்டை, குட்டையான நீலவாலின் நுனி மஞ்சள். ஆணின் மேலலகு சிவப்பு, பெண்ணுக்குக் கருப்பு. மலையடிக் காடுகளிலும் காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் கரகரத்த குரலோடு பறக்கும். செந்தலைப் பெண்ணும் இதுவும் சாம்பல் தலையால் குழப்பும். அப்போது வால்நுனியைப் பார்த்தால் போதும். சின்னக்கிளி குருவியளவே இருக்கும். உச்சந்தலையும் பிட்டமும் சிவப்பு. தலைகீழாகத் தொங்கியபடி தூங்கும்.

இவற்றில் சேராத கிளியைக் கண்டால் அது பெரும்பாலும் கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கும். முழு மஞ்சளாகவோ முழு நீலமாகவோ உள்ள செந்தார்ப் பைங்கிளி பொதுவாக வளர்ப்பில் உருவான நிறவகை. காலில் வளையம், ஒடிந்து தேய்ந்த வாலிறகு, ஆளைக் கண்டு அஞ்சாத தன்மை ஆகியவையும் வளர்ப்புப் பறவையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தனியொரு கிளி தப்பியதால் ஓரினம் நிலைபெற்றதாகாது. காட்டில் இணைசேர்ந்து, குஞ்சு பறக்கவிட்டு, அக்குஞ்சுகளும் மறுபடி குஞ்சு பொரித்தால்தான் அப்படிச் சொல்லலாம். ஆகவே நிறம், வால்நுனி, அலகு ஆகியவற்றோடு இடத்தையும் தேதியையும் குறித்து, முடிந்தால் படமும் எடுக்க வேண்டும்.

கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்துகளில் முட்டையிடும். அயற்கிளி பெருகினால் அதே பொந்துகளுக்கு உள்ளூர்க் கிளியோடு போட்டியிடும். வளர்ப்புக் கிளியைப் பறக்கவிடாதிருப்பதும், பொந்துள்ள முதிய மரங்களை வெட்டாதிருப்பதும் லேயார்டின் கிளிக்கும் சின்னக்கிளிக்கும் நாம் செய்யக்கூடிய காவல். இலங்கையை விட்டால் அவற்றுக்குப் போக இடமில்லை.