குழந்தைகளைக் காத்த வீடு

புனே நகரில் அந்தக் காலத்தில் சிறு வயதிலேயே பெண்களுக்குத் திருமணம் செய்தார்கள். பலர் இளம் வயதில் விதவை ஆனார்கள். மேல்சாதியில் மறுமணம் கூடாது. சில விதவைகள் ஏமாற்றப்பட்டுக் கர்ப்பம் ஆனார்கள். ஊர்ப் பழிக்குப் பயந்து, பிறந்த குழந்தையைக் கொன்றார்கள்.

இதைத் தடுக்க முன்வந்தவர் சாவித்திரிபாய் பூலே. 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். 1863-இல் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து ஒரு காப்பகம் திறந்தார். விதவைகள் அங்கே ரகசியமாகப் பிள்ளை பெறலாம். குழந்தையை எடுத்துப் போகலாம். விட்டுவிட்டும் போகலாம்.

அங்கே ஒரு விதவை பெற்ற மகனை இருவரும் தத்து எடுத்தார்கள். அவர் பெயர் யஷ்வந்த். படித்து மருத்துவர் ஆனார்.

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. தாயும் மகனும் நோயாளிகளைக் கவனித்தார்கள். அந்த நோயாலேயே சாவித்திரிபாய் இறந்தார்.

ஊர் வேண்டாம் என்ற பிள்ளைதான் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தது.