ஒரே தோகா... ஒரே 800 மீட்டர்! சாந்தியும் கோமதியும் பதக்கம் இழந்தது ஒரே காரணத்துக்கா?

வில்லியனூர்:

வேலை முடிந்து மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக இப்போது ஓட்டப்பந்தயமும் ஈட்டி எறிதலும் அந்த பெஞ்சில் இடம் பிடித்து விட்டன. எல்லாம் நீரஜ் சோப்ரா புண்ணியம்.

2025 செப்டம்பரில் டோக்கியோவில் உலக தடகளப் போட்டி நடந்தது. நீரஜ் 84.03 மீட்டர்தான் எறிந்தார், 8-வது இடம். யாரும் எதிர்பார்க்காத சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து 4-வது இடம் பிடித்தார். "முதுகு வலியோட அவரு ஏன்பா போனாரு?" என்று ஒரு பக்கம், "வந்தாரே அதுவே பெருசு" என்று இன்னொரு பக்கம். இந்தச் சண்டை சீக்கிரம் ஓய்ந்து விடும். ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது.

டோக்கியோவில் பெண்கள் பிரிவில் கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் மரபணு சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்ததில் இருந்து பேச்சு சாந்திக்கு தாவி விட்டது.

"சாந்தி ஊசி போட்டு மாட்டிக்கிச்சே, அது மாதிரிதானே இதுவும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "யோவ், அது கோமதிய்யா" என்பார் அடுத்தவர். "ரெண்டு பேருக்கும்தான் மெடலை புடுங்கினாங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று மூன்றாவது ஆள் தீர்ப்பே சொல்லி விடுவார்.

ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனால் குழப்பத்துக்கு ரசிகர்களை குறை சொல்லவும் முடியாது.

குழப்பம் வந்தது எப்படி?

இரண்டு பேருமே தமிழ்நாட்டு கிராமத்து பெண்கள். ஒருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, இன்னொருவர் பக்கத்து திருச்சி மாவட்டம் முடிகண்டம். இரண்டு பேரும் ஓடியது 800 மீட்டர். பதக்கம் வாங்கிய ஊரும் ஒன்றுதான், கத்தார் நாட்டின் தோகா. இரண்டு பேரையும் வரவேற்று பாராட்டினார்கள், பரிசுப் பணம் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு பேர் பதக்கமும் போனது.

வித்தியாசம் வருஷத்தில் ஆரம்பிக்கிறது. சாந்தி சவுந்தரராஜன் ஓடியது 2006 ஆசிய விளையாட்டு. கோமதி மாரிமுத்து ஓடியது 2019 ஆசிய தடகள சாம்பியன்ஷிப். பெரிய வித்தியாசம் காரணத்தில்தான் இருக்கிறது. கோமதி மாட்டியது ஊக்கமருந்து சோதனையில். சாந்தி எந்த மருந்தும் சாப்பிட்டதாக யாருமே சொல்லவில்லை.

சாந்திக்கு நடந்தது என்ன?

செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பம் சாந்தியுடையது. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். மறு வருஷம் டிசம்பரில் தோகா. பக்ரைன் வீராங்கனை மரியம் யூசுப் ஜமால் தங்கம் அடித்தார். சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் வந்து, கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவாவை வெறும் 0.03 விநாடியில் முந்தி வெள்ளியை பிடித்தார். கண்ணை மூடித் திறப்பதற்கும் குறைவான நேரம் அது.

அதன் பிறகு அவரை பாலின சோதனைக்கு கூட்டிப் போனார்கள். சில நாளில், சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. வெள்ளி பறிபோனது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சாந்தி பெண்ணாக பிறந்து, பெண்ணாக வளர்ந்தவர். ஆள் மாறாட்டம் செய்தார் என்றோ, வேஷம் போட்டார் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. உடம்பின் உள் அமைப்பு, குரோமோசோம், ஹார்மோன் எல்லாம் எல்லோருக்கும் புத்தகத்தில் போட்ட மாதிரி இருப்பதில்லை. அப்படிப்பட்ட வித்தியாசத்தோடு பிறக்கும் பலருக்கு அது தெரியக்கூட தெரியாது. தெரிந்து செய்தால்தானே மோசடி? பிறப்பிலேயே வந்ததற்கு ஒரு பெண் என்ன செய்வார்?

அந்த சோதனை அறிக்கை முழுசாக பகிரங்கமாக வெளியிடப்படவில்லை. ஆனால் பேர், ஊர், போட்டோவோடு விஷயம் மட்டும் உலகம் பூரா போய் விட்டது. டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும் 15 லட்சம் ரூபாயும் ஒரு டிவியும் கொடுத்தார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க சாந்தி அந்தப் பணத்தை செலவழித்தார். அதற்கு அப்புறம் கஷ்டம்தான். 2012-ல் அவர் திரும்பவும் செங்கல் சூளைக்கு கூலி வேலைக்கு போன செய்தி வந்தபோதுதான் பலருக்கு அவர் ஞாபகமே வந்தது.

செமன்யாவுக்கு கிடைத்தது, சாந்திக்கு கிடைக்காதது

"அந்த ஆப்பிரிக்கா பொண்ணுக்கும் இதே பிரச்சினைதானே, அது எப்படி மெடலோட இருக்கு?" பாகூர் பக்கம் விவரம் தெரிந்த ரசிகர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

2009-ல் பெர்லின் உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதே 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவருக்கும் பாலின சோதனை நடந்தது. ஆனால் அவருடைய நாடே பின்னால் நின்றது. 'எங்க பொண்ணை அசிங்கப்படுத்தாதே' என்று அரசாங்கமே சத்தம் போட்டது. பெர்லின் தங்கம் அவரிடமே இருந்தது. 2010-ல் திரும்ப ஓட வந்தார். 2012 லண்டன், 2016 ரியோ இரண்டு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டர் தங்கம் அவர் கணக்கில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலேயே ஒடிசாவின் டூட்டி சந்த் இருக்கிறார். 2014-ல் ஹார்மோன் அளவை காரணம் காட்டி காமன்வெல்த் போட்டி அணியில் இருந்து அவரை எடுத்து விட்டார்கள். இந்த முறை மத்திய அரசே உதவி செய்ய, சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் கோர்ட்டுக்கு போனார். 2015-ல் அந்த ஹார்மோன் விதியையே கோர்ட் நிறுத்தி வைத்தது. டூட்டி திரும்ப ஓடி, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி வாங்கினார்.

2006-ல் சாந்திக்காக அப்படி கோர்ட்டுக்கு போக ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு சிக்கல், டூட்டி 2023-ல் ஊக்கமருந்து சோதனையில் மாட்டி 4 வருஷ தடை வாங்கினார். உடனே "பாத்தியா, அப்பவே சொன்னேன்" என்று பேச ஆரம்பித்து விட்டார்கள். 2014-ல் நடந்தது உடம்பு விஷயம், 2023-ல் நடந்தது மருந்து விஷயம். ஒரே ஆளுக்கு நடந்ததால் இரண்டும் ஒன்றாகி விடாது.

இப்போது என்ன விதி?

விதி பல முறை மாறி விட்டது. 2018-ல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை ஓடும் பெண்களுக்கு மட்டும் ஹார்மோன் வரம்பு போட்டார்கள். செமன்யா வழக்கு போட்டு 2019-ல் தோற்றார். 2023-ல் எல்லா பிரிவுக்கும் வரம்பு வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், இல்லை என்றால் ரத்தம். வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு பழக்கமான பிரான்ஸ் நாட்டில் இதில் ஒரு கூத்து. அந்த நாட்டு சட்டம் இந்த மாதிரி மரபணு சோதனையை அனுமதிப்பது இல்லை. அதனால் பிரான்ஸ் வீராங்கனைகள் வெளிநாட்டில் வைத்து சோதனை செய்து கொள்ள வேண்டி வந்தது.

இதற்கிடையே 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட், செமன்யாவின் வழக்கை சுவிட்சர்லாந்து கோர்ட் சரியாக விசாரிக்கவில்லை என்று தீர்ப்பு சொன்னது. விதி தப்பு என்று சொல்லவில்லை, விசாரணை சரியில்லை என்றுதான் சொன்னது.

புது சோதனைக்கும் எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உண்டு. இப்போது சோதனை போட்டிக்கு முன்னாடியே முடிந்து விடும். ஜெயித்த பிறகு உலகத்தின் முன்னால் நிறுத்தி வைத்துப் பிடுங்குவது சாந்திக்கு நடந்தது.

கோமதி விவகாரம்

2019 ஏப்ரல் 22. தோகாவில் கோமதி 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு 30 வயது. இரண்டு காலில் இரண்டு கலர் ஷூ போட்டு ஓடிய போட்டோவை பார்த்து ஊரே உருகியது. அரசியல் கட்சிகளும் சினிமாக்காரர்களும் பணம் கொடுத்தார்கள்.

ஒரு மாதத்திலேயே இடி விழுந்தது. சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் இருந்தது. இது தசையை ஏற்றும் மருந்து. தோகா மாதிரியில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய மாதம் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் இருந்தது. தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்று கோமதி மறுத்தார். 'ஏ' மாதிரி, 'பி' மாதிரி என்று இரண்டு பாட்டிலில் எடுத்து வைப்பார்கள். முதலில் மாட்டினால், இரண்டாவதை திறந்து பார்க்கச் சொல்லி வீரர் கேட்கலாம். அதிலும் மாட்டினார்.

2019 மே 17 முதல் 4 வருஷம் தடை. தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்கு போனது.

ஊக்கமருந்து விஷயத்தில் விதி ரொம்ப கறார். 'எனக்கு தெரியாது, யாரோ கொடுத்தாங்க' என்று சொன்னால் தண்டனை குறையலாம், பதக்கம் திரும்பாது. உடம்புக்குள் என்ன போகிறதோ அதற்கு அந்த வீரரே பொறுப்பு. மாதிரியை 10 வருஷம் வரை பத்திரப்படுத்தி வைத்து திரும்ப சோதிக்கலாம்.

கோட்டை மிதித்தாலும் போச்சு

மருந்தும் இல்லை, பாலினமும் இல்லை, வெறும் ஒரு வெள்ளைக் கோட்டால் பதக்கம் இழந்த தமிழரும் இருக்கிறார். அவரும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், கோவிந்தன் லட்சுமணன். 2017 புவனேஸ்வர் ஆசிய போட்டியில் 5 ஆயிரம், 10 ஆயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர்.

2018 ஜகார்த்தாவில் 10 ஆயிரம் மீட்டரில் 3-வதாக வந்தார். தேசியக் கொடியோடு சந்தோஷப்படும்போதே தகுதி நீக்கம் என்று அறிவிப்பு. ஓடும்போது கால் உள்பக்க கோட்டை தாண்டி விட்டதாம். வளைவில் உள்ளே மிதித்தால் ஓடும் தூரம் கொஞ்சம் குறையும், அதனால் அந்த விதி. 25 சுற்று ஓடிய மனுஷனுக்கு ஒரு கோட்டால் வெண்கலம் போனது. இந்தியா கொடுத்த புகாரும் எடுபடவில்லை. இப்போது அந்த விதியை தளர்த்தி விட்டார்கள். வளைவில் ஒரே ஒரு தடவை ஒரு அடி மிதித்தால் மன்னிப்பு உண்டு.

அதே ஜகார்த்தாவில் தலைகீழ் கதையும் நடந்தது. ஆண், பெண் கலந்து ஓடும் 4x400 தொடர் ஓட்டத்தில் திருச்சி மாவட்டம் லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் இருந்த இந்திய அணிக்கு வெள்ளி. பக்ரைனுக்கு தங்கம். பக்ரைனின் கெமி அடெகோயா குறுக்கே விழுந்து ஹிமா தாசை மறித்தார் என்று இந்தியா புகார் கொடுத்தது. தள்ளுபடி! ஆனால் அதே அடெகோயா பின்னால் ஊக்கமருந்தில் மாட்டினார். இந்திய வெள்ளி தங்கமாக மாறியது. 2 வருஷம் கழித்து, மேடையும் இல்லை, தேசிய கீதமும் இல்லை.

அரை மணி நேரம்தான் டைம்

முடிவு பிடிக்கவில்லை என்றால் அதிகாரபூர்வமாக அறிவித்த 30 நிமிடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். 2023 ஹாங்சோவில் ஜோதி யாராஜி விஷயத்தில் இது கண்ணெதிரே தெரிந்தது. 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பக்கத்தில் நின்ற சீனாவின் வூ யானி முன்னாடியே பாய, ஜோதியையும் சேர்த்து வெளியே போகச் சொன்னார்கள். ஜோதி நகரவில்லை, இந்திய அதிகாரிகளும் விடவில்லை. கடைசியில் ஓட விட்டார்கள். 3-வதாக வந்தவருக்கு, வூ யானி தகுதி நீக்கம் ஆனதால் வெள்ளி கிடைத்தது.

நம்ம பிள்ளைகள் கவனத்துக்கு

வில்லியனூர், பாகூர் பக்கம் காலையில் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓடும் பிள்ளைகள் பலர். போலீஸ் வேலை, ராணுவ வேலை கனவு ஒரு பக்கம், மெடல் கனவு இன்னொரு பக்கம். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் 2024-ம் வருஷ கணக்கில் இந்தியாவில் மட்டும் 260 மாதிரிகள் மாட்டி இருக்கின்றன. அதிகம் சோதனை நடக்கும் நாடுகளில் இந்தியாதான் இதில் முன்னாடி நிற்கிறது.

சீல் இல்லாத பவுடர், யாரோ கொடுக்கும் 'தெம்பு ஊசி', லேபிள் புரியாத டப்பா எதுவும் வேண்டாம். சளி, மூக்கடைப்புக்கு போடும் சில மாத்திரையில் இருக்கும் சூடோஎபிட்ரின் கூட போட்டி நேரத்தில் அளவு மீறினால் பிரச்சினை. டாக்டரிடம் போகும்போதே 'நான் போட்டியில் ஓடுறேன்' என்று சொல்லி விட வேண்டும். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'நாடா'வின் 'நோ யுவர் மெடிசின்' ஆப்பில் மருந்து பேரை போட்டு பார்க்கலாம். தடை பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ந்தேதியும் புதுசாகும்.

சாந்தி 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர பயிற்சியாளர் ஆனார். பறிபோன வெள்ளியை திருப்பிக் கொடுங்கள் என்று அவர் பல முறை கேட்டு விட்டார். தோகா பதிவேட்டில் அந்த இடத்தில் இன்னமும் யலோவ்த்சேவாவின் பேர்தான் இருக்கிறது.