கடலில் ஒரு மெக்கானிக் ஷெட்!

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை உண்டு, முல்லைப் பெரியாறு உண்டு... கடல் மட்டும் கிடையாது. ஆனால் மெக்கானிக் ஷெட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்புகளுக்கு அதுதான் ஆஸ்பத்திரி. ‘‘வண்டி ஓடுனா டிரைவருக்குப் பேரு, நின்னா எனக்குத் திட்டு... அம்புட்டுதேன்!’’ என்பார் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன்.

நம் கடற்படையிலும் இப்படி ஒரு ஆசாமி இருந்தது. பெயர், ஐ.என்.எஸ். அம்பா. நீர்மூழ்கிகளுக்குத் தாய்க்கப்பல்.

1967-ல் ‘கல்வாரி’யில் ஆரம்பித்து சோவியத் யூனியனிடம் வரிசையாக நீர்மூழ்கிகள் வாங்கினோம். வாங்கினால் ஆச்சா? சர்வீஸ் பண்ணக் கரையில் அப்போது போதிய வசதி இல்லை. சரி, பட்டறையையே மிதக்க விடு என்று 1968 டிசம்பரில் அம்பாவைச் சேர்த்தார்கள். அதுவும் சோவியத் தயாரிப்புதான். சுமார் 140 மீட்டர் நீளம். விசாகப்பட்டினத்தில் ஜாகை.

நீர்மூழ்கி முங்கியிருக்கும்போது ஓடுவது பாட்டரியில். தீர்ந்தால், டீசல் இன்ஜினைப் போட்டு சார்ஜ் ஏற்ற வேண்டும். தாய்க்கப்பலின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. கரன்ட், டீசல், அழுத்தக் காற்று, உதிரி பாகம் எல்லாம் கிடைக்கும். டார்பிடோவைக்கூட கிரேனில் தூக்கிக் கொடுக்கும். லேத், வெல்டிங் எல்லாம் கப்பலுக்குள்ளேயே! (‘அந்தக் கப்பலே ரிப்பேரானா?’ என்று கேட்கிறீர்களா... அது கரைக்குத்தான் போகணும்!)

எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: குளியல். ஒரு இரும்புக் குழாய்க்குள் எழுபது பேருக்கு மேல், டீசல் வாடை, அளந்து தருகிற தண்ணீர். பல நாள் கழித்துத் தாய்க்கப்பல் ஏறினால் ஆசைதீரக் குளித்துவிட்டுக் கட்டையை நீட்டலாம். மேன்ஷன்வாசிகளுக்கு இந்த அருமை புரியும்.

1971-ல் ‘வீரபாகு’ நீர்மூழ்கித் தளம் வந்தது. பிறகு கரையிலேயே பட்டறைகள் பெருக, அம்பாவுக்கு வேலை குறைந்தது. இருந்தாலும் 2006 ஜூலை வரை தாக்குப் பிடித்தது. முப்பத்தேழு வருஷத்துக்கு மேல் சர்வீஸ்! நம்ம ஆபீஸாக இருந்தால் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், தலைக்கொரு மிக்சர் பொட்டலம்.

அது பார்த்துக்கொண்ட ரக நீர்மூழ்கிகளில் ஒன்றான ‘குர்சுரா’ 2001-ல் ஓய்வு பெற்றது. 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியமாக நிற்கிறது. டிக்கெட் எடுத்து, குனிந்து நுழைந்து, பெரிஸ்கோப், டார்பிடோ குழாய் என்று எல்லாம் பார்க்கலாம். அம்பாவை அப்படி நிறுத்திவைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.