தீங்குற்றோரும் தீங்கிழைத்தோரும்

வன்முறையைக் கூறும் தொடரில் அதனைச் செய்தவன் எழுவாயாக நிற்பான். அதற்கு இரையானவன் செயப்படுபொருளாக நிற்பான். ஆயின், வாழ்க்கையில் ஒரே இளைஞன் முதல் தொடரில் செயப்படுபொருளாகவும் அடுத்த தொடரில் எழுவாயாகவும் நிற்கக் காண்கிறோம். அத்தகையோனை அறம் எங்ஙனம் நோக்கும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்க உளவியலறிஞர் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைசெய்யும். இளமையில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானோர் என நீதிமன்றப் பதிவுகளால் உறுதிப்பட்ட 908 பேரையும், அவரோடு ஒப்பிடத்தக்க பிறர் 667 பேரையும் அவர் ஆராய்ந்தார். இளங்குற்றவாளியெனப் பதிவுற்றோர் முன்னவருள் 26 விழுக்காடு. பின்னவருள் 17 விழுக்காடு. துன்பத்திற்கும் குற்றத்திற்கும் தொடர்புண்டு என்பது இதனால் தெளிவு. எனினும், துன்புற்றோருள் மிகப் பலர் அப்பதிவில் இடம்பெறவில்லை என்பதும் அதே எண்களால் விளங்கும். எனவே துன்பம் குற்றத்தின் வழியை அகலமாக்குகிறது. ஊழ்போல் கட்டி இழுத்துச் செல்வதில்லை.

இதன் கடுமையான எடுத்துக்காட்டு உகாண்டா நாட்டுத் தொமினிக் ஒங்வெனின் வரலாறு. வடபகுதி அச்சோலி இனத்தவரான அவர், 1987இல், ஏறத்தாழ ஒன்பதாம் அகவையில், ஆண்டவரின் எதிர்ப்புப் படை எனும் கிளர்ச்சிப் படையினரால் கவரப்பட்டார். அப்படையிலேயே வளர்ந்து தலைவர்களுள் ஒருவரானார். 2021 பிப்ரவரியில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. பதினைந்து அகவை நிரம்பாத சிறுவரைப் படையிற் சேர்த்ததும் அவற்றுள் ஒன்று. தமக்கு நேர்ந்த தீங்கையே அவர் பிறர்க்கு இழைத்தார் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை.

பதினெட்டு அகவைக்கு முன் செய்த குற்றத்தை அந்நீதிமன்றம் உசாவுவதில்லை. சட்டம் இங்ஙனம் கோடு கிழிக்கிறது. வாழ்க்கையோ அக்கோட்டை அறியாது. நடுவர் மன்றம் இரண்டையும் எண்ணியது. மனநோய், அச்சுறுத்தல் எனக் கூறப்பட்ட எதிர்வாதங்களை அது ஏற்கவில்லை. குற்றத்தினின்று அவரை விடுவிக்கவில்லை. ஆயினும் சிறுவயதில் கவரப்பட்டமையைக் கருதி, வாழ்நாள் சிறையைத் தவிர்த்து, 2021 மே திங்களில் 25 ஆண்டுச் சிறை விதித்தது. நடுவருள் ஒருவர் 30 ஆண்டே தகும் என வேறுபட்டார். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அத்தண்டனையை உறுதிசெய்தது.

முதல் தொடரை மறந்து இரண்டாவதை மட்டும் படித்தல் இரக்கமின்மை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை அழித்தலோ, அவரால் துன்புற்ற சிறுவர்க்கு இழைக்கும் அநீதி. ஆகவே இரண்டையும் சேர்த்துப் படித்தலே நடுவுநிலை. அதனினும் சிறந்தது, தீங்குற்ற சிறுவனைத் தீங்குற்ற நாளிலேயே காத்து, இரண்டாம் தொடர் எழுதப்படாமற் செய்தல் என்க.