மணல் மேட்டில் மாடு வளர்க்கும் மாவட்டம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் வட பகுதியில் செர்ரி என்ற மாவட்டம் உள்ளது. இதன் பரப்பு சுமார் 6,000 சதுர மைல். 2020ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5,455 மட்டுமே. சதுர மைலுக்கு ஒருவர் கூட இல்லை. இவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் தலைமை ஊரான வாலன்டைனில் வசிக்கின்றனர். மாடுகளோ லட்சத்துக்கும் மேல்! இறைச்சிக்காகக் கன்று ஈனும் பசுக்கள் அந்நாட்டில் மிக அதிகமாக உள்ள மாவட்டம் இதுவே.

மண்ணும் நீரும்

மாவட்டத்தின் பெரும் பகுதி மணல் மேடுகள். சில மேடுகள் 400 அடி வரை உயர்ந்தவை. காற்று குவித்த இம்மணலைப் புல்லின் வேர்களே பிடித்து வைத்துள்ளன. ஆண்டு மழை சுமார் 20 அங்குலம். பெய்யும் மழை ஓடி வீணாவதில்லை. மணலில் இறங்கி, அடியிலுள்ள ஒகல்லாலா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. பள்ளங்களில் நீர் மேலேயே நிற்பதால் ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும் உண்டு.

ஏர் பிடித்த கதை

1862ம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. மணல் மேட்டில் அது பிழைப்புக்குப் போதவில்லை. எனவே 1904ல் கின்கெய்ட் சட்டம் 640 ஏக்கர் வரை அளித்தது. பலர் வந்து குடியேறினர். புல்லைப் புரட்டிப் பயிரிட்டுப் பார்த்தனர். வேர் அறுந்ததும் மணல் பறக்கத் தொடங்கியது. விளைச்சல் பொய்த்தவர்கள் நிலத்தை விற்று வெளியேறினர். அண்டையிலிருந்த பெரிய பண்ணைகள் அதை வாங்கிக் கொண்டன. 1920ல் 11,000க்கு மேல் இருந்த மக்கள் தொகை, இன்று அதில் பாதிக்கும் குறைவு.

1970களில் மணல் மேடுகளில் மீண்டும் ஏர் இறங்கியது. சுழலும் தெளிப்பு நீர்க் குழாய்களை நம்பிப் பலர் மக்காச்சோளம் பயிரிட்டனர். கட்டுப்படியாகாமல் சில நிலங்கள் கைவிடப்பட்டன. அங்கும் மணல் பறந்தது. மீண்டும் புல் விதைக்க வேண்டியதாயிற்று.

புல்லே பயிர்

நிலைத்தவர்கள் புல்லைப் பயிராகப் பேணியவர்களே. அவர்கள் கையாளும் முறைகள்:

* 'பாதி மேய், பாதி விடு' என்பது மேய்ச்சல் விதி. மீதமுள்ள புல்லே வேரை வளர்த்து மணலைக் காக்கும்.

* நிலத்தை வேலியிட்டுப் பிரித்து, மாடுகளை மாற்றி மாற்றி மேய்க்கின்றனர். மேய்ந்த பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது.

* காற்றாலை மூலம் நீர் இறைத்துத் தொட்டிகளில் நிரப்புகின்றனர். தொட்டிகள் பரவலாக இருப்பதால் மாடுகள் ஒரே இடத்தில் கூடி மிதிப்பதில்லை.

* கோடையில் ஈரப் புல்வெளிகளில் புல் அறுத்து, உலர்த்திப் போர் போட்டு, பனிக்காலத் தீவனமாக வைக்கின்றனர்.

* மணல் பறக்கும் இடத்தை வேலியிட்டு மாடு புகாமல் தடுக்கின்றனர். அதன்மேல் பழைய புல்லைப் பரப்பிப் புதுப்புல் வளர்க்கின்றனர்.

கன்றுகள் வசந்த காலத்தில் பிறந்து இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிகின்றன. பெரும்பாலான பண்ணைகளுக்குக் கன்று விற்பனையே ஆண்டு வருமானம். எனவே கன்று விலை சரிந்தால் மாவட்டமே தள்ளாடும். ஆட்கள் குறைவதால் பள்ளி, மருத்துவமனை, கடை எல்லாமே தொலைவில்.

பெரிய பரப்பும் அரசின் இலவச நிலமும் மட்டும் விவசாயியைக் காப்பாற்றி விடவில்லை என்பதே செர்ரி மாவட்டம் தரும் பாடம். மண் எதைத் தாங்கும் என்று அறிந்து அதற்கேற்ற தொழிலைச் செய்தவர்களே அங்கு நிலைத்தனர். இது 6,000 ஏக்கருக்கும் பொருந்தும். இரண்டு ஏக்கருக்கும் பொருந்தும்.