ஸ்டார் டஸ்ட் எங்கே?

சான்று இல்லாத இடத்தில் வதந்தி குடியேறிவிடுகிறது. 1947 ஆகஸ்ட் 2 அன்று, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு 11 பேருடன் சென்ற ‘ஸ்டார் டஸ்ட்’ விமானம் ஆண்டீஸ் மலைப்பகுதியில் மறைந்தது. அதன் இறுதிச் செய்தியில் ‘ஸ்டெண்டெக்’ என்னும் விளங்காச் சொல்லொன்று இருந்தது. சதி என்றனர் சிலர். வேற்றுலகவாசிகளின் செயல் என்றனர் வேறு சிலர்.

1998இல் மலையேறிகள் துபுங்காட்டோ மலையின் பனியாற்றில் அதன் இயந்திரத்தைக் கண்டனர். உயரத்தில் வீசிய கடும் எதிர்க்காற்று விமானத்தைப் பின்தங்கச் செய்தது. அதனை அறியாத விமானிகள், மலையைக் கடந்துவிட்டதாக எண்ணிக் கீழிறங்கினர் என்பது ஆராய்ந்தோர் முடிவு. மோதிய விமானத்தைப் பனி மூடிற்று. மெல்ல நகரும் பனியாறு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதனை வெளிப்படுத்திற்று.

மாணவர்களே, அந்தச் சொல்லின் பொருள் இன்றும் துலங்கவில்லை. துலங்காததற்குக் கதை கட்டாதிருப்பதும் அறிவே என்பேன். காத்திருக்கும் உறவினர்க்கு வதந்தி ஆறுதலாகாது.